ஏழாம் கேள்விக்கு என் பதில்

மார்ச் 4

மருமகளுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற பழக்கம் நமக்குள் என்றைக்கும் இருந்ததில்லை. இப்போது புதிதாகத் தொடங்கினால் உனக்கே சந்தேகம் வரும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை உன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெரிய கவர் ஒன்று வந்தது. பேத்தியின் போட்டோவாக இருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரித்தேன். போட்டோ இல்லை. "விமானிகளின் வீட்டாருக்கான வினாத்தாள்" என்று தலைப்பு. அடியில் உன் கையெழுத்து, அதுவும் அச்சடித்தது. பதினான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை. பெயர் எழுத வேண்டாமாம், உண்மையை எழுதினால் போதுமாம்.

மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்க இரண்டு நாள் ஆயிற்று. வீட்டில் எத்தனை அறை, விமானி தூங்கும் அறை தெருப்பக்கமா பின்பக்கமா, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி உண்டா என்று ஆறு கேள்வி. அந்த அறையைத் தினம் பெருக்குகிறவள் நான், சுலபமாக டிக் போட்டுவிட்டேன். ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

"விமானி ஓய்வெடுக்கும் நேரத்தில் வீட்டிலுள்ளவர் யாரேனும் அவருடைய தூக்கத்தைக் கலைத்ததுண்டா?"

அடிக்கடி இல்லை. சில சமயமும் இல்லை. ஒருபோதும் இல்லை என்றும் போட முடியாது. ஒரே ஒரு தடவை என்பதற்கு நீ கட்டம் வைக்கவில்லை.

எனக்கு மறதி என்கிற வியாதி கிடையாது. என் கல்யாணத்தன்று எனக்குப் பின்னால் நின்று சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். பதினோரு வருஷத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமையா மறக்கும்? விடியக்காலை விமானத்தை இறக்கிவிட்டு ஏழேகாலுக்கு வீட்டுக்கு வந்தாய். வலது ஷூவின் லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து போன். வேறொரு கேப்டனுக்கு வயிற்றுவலி, சாயங்கால விமானத்துக்கும் நீயே வா என்றார்கள். சரி என்றாய். பிறகு ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாய். பன்னிரண்டரை முதல் நாலரை வரை மிக்ஸி கூடாது, டிவி கூடாது, குக்கர் கூடாது, அழைப்பு மணியின் சுவிட்சை அணைக்கவும். அணைக்கவும்! என் வீட்டு ஃப்ரிட்ஜில் எனக்கு உத்தரவு.

அன்று இருட்டிய பிறகுதான் உன் விமானம் மழையில் ஓடுதளத்தைத் தாண்டிப் புல்வெளியில் போய் மூக்கைக் குத்திக்கொண்டது. முப்பது பேருக்கு அடி. பின்பக்கம் உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணுக்கு இடுப்பெலும்பு போயிற்று.

அந்த மத்தியானம் நீ நாலு மணி நேரம் தூங்கினதாக விசாரணையில் எழுதிக்கொடுத்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும். நீ தூங்கவில்லை. ஏன் தூங்கவில்லை என்பதும் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஏழாம் கேள்விக்கு என்ன எழுதட்டும்? போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன் அத்தை" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இப்படிக்கு,
உன் புருஷனைப் பெற்றவள்


மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த வினாத்தாள் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. பழைய விமானிகளின் முகவரிப் பட்டியலை வைத்து அலுவலகத்தில் யாரோ மொத்தமாக அனுப்பியிருக்கிறார்கள். என் பழைய முகவரியும் அதில் இருந்திருக்கிறது. தயவுசெய்து அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் பேத்தி என்னைவிட இரண்டு விரல் உயரம். கோடை விடுமுறை முழுவதும் உங்களோடு இருக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "பாட்டிகிட்ட மட்டும்தான் பழைய சண்டையெல்லாம் தேதியோட கெடைக்கும்" என்கிறாள். உங்கள் மகன் வழக்கம்போல மூட்டுவலிக்கு எண்ணெய் வாங்கி வைத்துவிட்டுத் தபாலில் போட மறக்கிறார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. விமானம் ஓட்டுகிற மாதிரியே செய்து வைத்த ஓர் அறை இருக்கிறது. அசையும், மழை பெய்யும், இன்ஜின் சத்தம் கேட்கும், ஆனால் தரையை விட்டு எழும்பாது. கேப்டனையும் துணை விமானியையும் அதில் உட்காரவைத்து, கேப்டனை வேண்டுமென்றே தவறு செய்யச் சொல்வோம். கண்ணாடிக்குப் பின்னால் நான் கடிகாரத்தோடு இருப்பேன். துணை விமானி எத்தனை விநாடி கழித்து வாய் திறக்கிறார், என்ன வார்த்தை சொல்கிறார், பெரியவரென்று தயங்குகிறாரா, இதுதான் என் ஆராய்ச்சி. இந்தப் பாடத்தைப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று துணிந்து பேசுகிறார்கள். அதனால் தப்பிய விமானங்களும் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன் மாதம் என்னை நிலையத்தின் தலைவியாக்கப் போகிறார்கள். இந்தச் சமயத்தில் பழைய விஷயங்களைக் கிளற வேண்டாம் அத்தை. விசாரணை முடிந்து பத்து வருஷம் ஆகிறது. அதில் என்ன எழுதவேண்டுமோ அதைத்தான் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 28

மருமகளுக்கு,

வினாத்தாளைக் கிழிக்கவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

உன் வேலை என்னவென்று இப்போது புரிந்தது. சின்னவர்கள் பெரியவர்களிடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறாய். நல்ல வேலைதான். அதே கடிகாரத்தை நமக்கும் வைத்துப் பார்த்தால் பதினோரு வருஷம் காட்டும். முதலில் நான் வாயைத் திறக்கிறேன்.

அன்று பத்து மணிக்கு ஆபீஸ் போன் வந்ததல்லவா, அதை வைத்ததும் உன் சிநேகிதிக்குப் போட்டாய். நான் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் இல்லையென்று நினைத்தாயோ, இருந்தால்தான் என்ன என்று நினைத்தாயோ. "அந்தம்மாவுக்கு மருந்து பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூடத் தெரியாது. அவங்ககிட்ட குழந்தைய விட்டுட்டுப் போறப்பல்லாம் எனக்கு வயித்தக் கலக்குது" என்றாய். ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மூன்று வருஷம் அந்தக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் நான். நீ வானத்தில் இருந்த நேரமெல்லாம் அவள் என் தோளில் இருந்தாள். என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, என் ஃப்ரிட்ஜில் உத்தரவு ஒட்டிவிட்டு, நீ போய்ப் படுத்துக்கொண்டாய்.

பன்னிரண்டு நாற்பதுக்கு உன் அறைக்கதவைத் திறந்தேன். நீ அப்போதுதான் புரண்டு படுத்தாய். குழந்தையை உள்ளே விட்டு, "போடி தங்கம், அம்மா விளையாடக் கூப்பிடறா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். உன் குழந்தையை நீயே பார்த்துக்கொள், படித்தவள்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மூன்றரை மணி நேரம் இருந்தேன். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

நாலு இருபதுக்குத் திரும்பி வந்தபோது நீ யூனிஃபார்மில் நின்றாய். கண் இரண்டும் சிவந்திருந்தன. குழந்தை உன் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் பூ வரைந்திருந்தாள். அதை மூடிச் சட்டைக்கையை இறக்கிப் பொத்தான் போட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்க போனீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் வீடு இரண்டாகிற மாதிரிச் சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டையில் உனக்கு நேரமாகியிருக்கும், விமானத்துக்கு வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். நீ குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

இது பாதிதான். மீதிப் பாதி உனக்குத் தெரியாது.

விபத்து நடந்து எட்டாவது மாதம், விசாரணை முடிகிற சமயம், உன்னோடு அன்று ஓட்டிய துணை விமானி வீட்டுக்கு வந்தான். நம் வாசலில் எப்போதும் தலையைக் குனிந்து நுழைவானே, நான் நெட்டை என்று கூப்பிடுவேனே, அவன்தான். நீ கடைக்குப் போயிருந்தாய். நாற்காலியில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மேடம் அன்னிக்கு நாலு மணி நேரம் தூங்கினதா எழுதியிருக்காங்க. நெசமாவே தூங்கினாங்களா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். தூங்கவில்லை என்றால் ஏன் என்பான். ஏன் என்றால் நான் சொல்லவேண்டும்.

"அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினா தம்பி. நான்தான் எழுப்பிவிட்டேன்" என்றேன்.

"அப்ப என் தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். உன்னிடம் அவன் வந்ததைச் சொல்லவில்லை.

அவன் உரக்கச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை என்று தீர்ப்பாகி, வேலை போயிற்று. இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா? நம் பஸ் டிப்போவில். டிரைவர்களுக்கு வேலை நேரம் எழுதிக்கொடுக்கிற ஜன்னலில். நான் கண் டாக்டரிடம் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். என்னைக் கண்டால் எழுந்து வந்து பை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறான். "கண்ணு எப்படிம்மா இருக்கு, பேத்தி என்ன படிக்குது" என்று கேட்கிறான். உன்னையும் விசாரிக்கிறான். ஒரு நாளாவது திட்டியிருந்தால் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியிருக்கும்.

இனி நீ எழுது.

உன் மாமியார்


ஏப்ரல் 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். உள்ளே ஒரு துணை விமானி "கேப்டன், வேகம் அதிகம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன்.

அந்தப் போன் பேச்சை நீங்கள் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக, நான் எழுதி ஒட்டிய தாளுக்காகத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று நினைத்திருந்தேன். பேசியது நான்தான். இப்போது மன்னிப்புக் கேட்டால் மலிவாக இருக்கும், ஆனாலும் கேட்கிறேன்.

நீங்கள் உங்கள்மேல் போட்டுக்கொள்கிற பாரம் முழுவதும் உங்களுடையது இல்லை. தூங்கவில்லை என்றால் வேலையை மறுக்க எங்களுக்கு உரிமை உண்டு. போனை எடுத்து "இன்று நான் ஓட்டும் நிலையில் இல்லை" என்று சொன்னால் போதும், காரணம்கூடக் கேட்க மாட்டார்கள். மூன்று மணிக்குப் போனைக் கையில் எடுத்தேன். குழந்தை என் கையில் பூ வரைந்துகொண்டிருந்தாள். நான் போகாமல் இருந்தால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, யூனிஃபார்ம் இல்லாமல் என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போவீர்களே, அந்த நடை கண்முன் வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டப்போனதற்கு அதுதான் காரணம். இதை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை.

இறங்கும்போது அவர் இரண்டு முறை சொன்னார். "வேகம் கொஞ்சம் அதிகமா இருக்கு மேடம்." குரல்பதிவில் இருக்கிறது. வேகம் அதிகமானால் "கோ அரவுண்ட்" என்று சொல்லவேண்டும். இறங்காமல் மறுபடி மேலே ஏறு என்று அர்த்தம். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்தது, சாதாரணப் பேச்சென்று எடுத்துக்கொண்டேன் என்று விசாரணையில் சொன்னேன்.

என் காதில் விழவே இல்லை அத்தை. ஓடுதள விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. அடுத்து நான் பார்த்தபோது அவை எங்களுக்குக் கீழே இருந்தன. நடுவில் பத்துப் பன்னிரண்டு விநாடி என்னிடம் இல்லை. கண்ணைத் திறந்தபடி தூங்கியிருக்கிறேன். அவர் "கோ அரவுண்ட்" என்று கத்தியிருந்தாலும் கேட்டிருக்குமா தெரியாது. நாலு மணி நேரம் தூங்கினேன் என்று நான் எழுதியதால், களைப்பு என்கிற பக்கத்தையே அவர்கள் திறக்கவில்லை. வேறு காரணம் தேடினார்கள். அவர் மெல்லப் பேசினது கிடைத்தது.

பிறகு ஓட்ட முடியவில்லை. ஆராய்ச்சிக்கு வந்தேன். முதல் கட்டுரையே அந்த விமானத்தைப் பற்றித்தான். "நன்றாக ஓய்வெடுத்த கேப்டன், தயங்கிப் பேசிய துணை விமானி." இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. என் பெயர், பதவி, இந்த அறை எல்லாம் அவர் மெல்லப் பேசினார் என்பதன்மேல் கட்டியது.

நீங்கள் என்னிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. செய்கிறேன். ஜூன் வரை பொறுங்கள். பதவி கைக்கு வந்தபின் நானே அந்தப் பாடத்தை மெல்ல மாற்றுவேன். யார் பெயரும் கெடாமல் செய்ய வழி இருக்கிறது. இரண்டு மாதம்தான் கேட்கிறேன்.

மருமகள்


ஏப்ரல் 25

மருமகளுக்கு,

பெரிய கடிதம் எழுத நேரமில்லை. இன்றைக்கே தபாலில் சேர்க்கவேண்டும்.

நேற்று டிப்போவில் அவனைப் பார்த்தேன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக்கொடுத்தான். சின்ன விமானங்களில் பழக்குகிற பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறானாம். ஆள் பிடித்துப்போய்விட்டது, பழைய விசாரணை அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். அதில் இருக்கிறது தப்பு என்று எழுத்தில் ஏதாவது காட்டினால் எடுத்துக்கொள்வார்களாம். மே மாதக் கடைசி வரைக்கும் தவணை.

"எங்கேம்மா போய் காட்டறது? அறிக்கை சரியாத்தானே இருக்கு. மேடம் எழுதின பாடத்தையே பள்ளிக்காரங்க எடுத்துப் படிச்சுக் காட்டறாங்க எங்கிட்ட" என்று சிரித்தான். நாற்பது வயசு. அடுத்த வருஷம் இந்த வேலைக்கும் வயசு தாண்டிவிடும். பத்து வருஷமாக, வருஷத்துக்கு ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, தன் பணத்தில் விமானம் எடுத்து ஓட்டி லைசென்ஸை உயிரோடு வைத்திருக்கிறான், தெரியுமா உனக்கு?

நான் அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "பஸ் வந்துடுச்சு தம்பி" என்றுதான் வந்தது. என் வயசுக்கு நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

உன் ஜூனை நீ வைத்துக்கொள். மெல்ல மாற்றுவாயாமே. மெல்லச் சொன்னதற்குத்தான் அவனுக்கு வேலை போயிற்று.

உன் மாமியார்


மே 6

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இரண்டு வகுப்புகளை ரத்து செய்தேன். மறுநாள் எழுதினேன்.

விசாரணை அலுவலகத்துக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் தூங்கவில்லை, என் வாக்குமூலம் பொய், அவர் சொன்னது என் காதில் விழவில்லை என்று எழுதியிருக்கிறேன். வேலையை மறுத்திருக்கவேண்டும், மறுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நிலையத்துக்கும் தெரிவித்துவிட்டேன். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "வீட்டுக்குப் போங்க, நாங்க கூப்பிடறோம்" என்றார். தலைவிப் பதவி இனி இல்லை. இந்த வேலையாவது இருக்குமா என்பதும் தெரியாது.

உங்கள் மகனிடம் எல்லாம் சொன்னேன். மூன்றாம் நாள், "நான் வீட்டுல இருந்திருந்தா இது நடந்திருக்காது இல்ல?" என்றார். அன்று அவர் வேலைக்காக வெளியூரில் இருந்ததற்கு இப்போது வருத்தப்படுகிறார். நம் வீட்டில் யாருக்கும் தன் பங்கு குறைந்துவிடக்கூடாது.

ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். நான் இப்போது சொல்வதுதான் உண்மை என்பதற்குச் சாட்சி கேட்பார்கள். அன்று வீட்டில் இருந்தவர் நீங்கள் மட்டும்தான். ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். இரண்டு பத்திதான். பென்சிலால் அடையாளமிட்ட இடத்தில் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள், நானே அங்கே சேர்த்துவிடுகிறேன்.

அதில், "குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் கண்டதால் என் மருமகளின் தூக்கத்தைக் கலைக்க நேர்ந்தது" என்று எழுதியிருக்கிறேன். இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். கொஞ்சம் கேளுங்கள். நான் தூங்கவில்லை என்பதுதான் அவருக்கு வேண்டும். ஏன் தூங்கவில்லை என்பதால் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் இந்தக் காகிதங்கள் வெளியே வரும். உங்கள் பேத்தி படிப்பாள். தன்னைக் கதவைத் திறந்து உள்ளே விட்டதுதான் காரணம் என்று பதினாலு வயசில் அவள் தெரிந்துகொள்ள வேண்டாம். உங்களை அவள் எப்படி நினைத்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியாது அத்தை. ஒரு வரிதான். எனக்காக இல்லை, அவளுக்காக விட்டுக்கொடுங்கள்.

அன்புடன்,
மருமகள்


மே 17

மருமகளுக்கு,

உன் காகிதங்கள் பத்திரமாக வந்தன. நகலை மூன்று தடவை படித்தேன். நீ எழுதவேண்டியதை எழுதியிருக்கிறாய். இதற்குமேல் புகழ எனக்கு வராது.

அந்தக் காய்ச்சல் வரியைப் படித்ததும் நீ சொன்ன மாதிரியே கோபம் வந்தது. அரைமணி நேரம் கழித்துக் கோபம் போய் வேறொன்று வந்தது. இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து எனக்காக யாரும் பொய் சொன்னதில்லை. நீ சொல்லியிருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூடப் பேனாவைத் திறந்தேன்.

பிறகு, வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போனேன்.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். "தம்பி, கொஞ்சம் உள்ள வரணும்" என்றேன். நாற்காலி போட்டான். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நான் கதவைத் திறந்ததிலிருந்து, அவனிடம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினாள் என்று சொன்னது வரைக்கும். நீ இப்போது எழுதிக்கொடுத்துவிட்டாய் என்பதையும் சொன்னேன்.

"எத்தன நேரம் தூங்கினாங்க?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல தம்பி."

"குழந்தைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பார்த்தாயா, நீ எழுதிவைத்த அதே கதவை அவனும் எனக்குத் திறந்துவிட்டான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "நல்லாத்தான் இருந்தா. பதினொன்னரைக்கு நான்தான் குளிப்பாட்டினேன். அவமேல இருந்த கோவத்துல வேணும்னேதான் விட்டேன்" என்றேன்.

அவன் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினான். வெளியே டிரைவர்கள் தட்டினார்கள். "பத்து வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு அந்த வார்த்தைய கத்திப் பாத்திருக்கேன்மா. எவ்வளவு சத்தமா சொல்லியிருக்கணும்னு" என்றான். அப்புறம் குரல் மாறாமல், "இனிமே இந்த வழியா வராதீங்கம்மா. அடுத்த நிறுத்தத்துல ஏறிக்கோங்க" என்றான். ஜன்னலைத் திறந்து டிரைவர்களுக்குச் சீட்டு கொடுக்கத் தொடங்கினான். அன்று என் பையை யாரும் வாங்கவில்லை.

நடந்து வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல் என்ற வரியின்மேல் கோடு அடித்தேன். அதன் பக்கத்தில் இடம் போதவில்லை, தாளின் பின்பக்கம் என் கையாலேயே எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கும், இருக்கட்டும். எழுதியது இது: "குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மருமகள் தூங்கக்கூடாது என்று நான்தான் வேண்டுமென்றே உள்ளே விட்டேன். துணை விமானி வந்து கேட்டபோது அவள் தூங்கினாள் என்று பொய் சொன்னேன். குழந்தைமேல் தப்பில்லை. அவளுக்கு அப்போது வயசு மூன்று."

கடைசி இரண்டு வரியும் பேத்திக்காக. அவள் படிக்கும்போது அதையும் சேர்த்துப் படிப்பாள். கோடைக்கு அவள் வராவிட்டால் போகட்டும் என்று எழுதத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். எழுத முடியவில்லை. நீயே அவளிடம் சொல்லு. உன் வாயால் சொன்னால் ஒரு வார்த்தை கூட்டிக் குறைத்துச் சொல்வாய் என்று தெரியும். அதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

போனில் நீ என்னைப் பற்றிப் பேசினதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மறக்க எனக்கு வராது. நீயும் மறக்கவேண்டாம், அந்தச் செவ்வாய்க்கிழமையை. மறந்தவர்கள் போல நடித்துத்தான் இவ்வளவும் ஆயிற்று.

வாக்குமூலத்தை உனக்குத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் படித்துவிட்டு மறுபடியும் நல்லபடியாக அடித்து அனுப்புவாய். நேற்றைக்கே நேரே விசாரணை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் போட்டுவிட்டேன். நகல் ஒன்று அந்த விமானப் பள்ளிக்கு. இது உன் கைக்கு வரும்போது அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அத்தை